வாசலில் நிற்காத வாட்ச்மேன்

பதினோரு பேர் ஆடும் ஆட்டத்தில் பத்துப் பேருக்கு ஓடுகிற வேலை, ஒருத்தருக்கு நிற்கிற வேலை. சின்ன வயதில் செருப்பை ரெண்டு பக்கமும் கழற்றிப் போட்டு, அதுதான் கோல் போஸ்ட் என்று ஆடினோம். அங்கே யார் கோலி என்று ஓட்டெடுப்பு நடந்ததே கிடையாது. குண்டாக இருப்பவன், கண்ணாடி போட்டவன், பந்து வாங்கக் காசு போடாதவன். இந்த மூன்று தகுதியில் ஒன்று இருந்தால் போதும். என்னிடம் மூன்றும் இருந்தன.

ஆகவே அந்த வேலையின் சாரம் எனக்குத் தெரியும். அது அபார்ட்மென்ட் வாட்ச்மேன் வேலை. ஒன்றும் நடக்காதவரை உங்களை ஒருத்தரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள். மூணாவது மாடிக்காரர் சைக்கிள் காணாமல் போன அன்று மட்டும் மொத்தக் கட்டடத்துக்கும் உங்கள் பெயர் ஞாபகம் வரும்.

இந்த வேலையில் சேர்ந்துவிட்டு, வாசலில் நாற்காலியைப் போட்டு உட்காராமல், தெருமுனை டீக்கடை, பக்கத்துத் தெரு கல்யாணம், எதிர் வீட்டு மொட்டை மாடி என்று சுற்றி வந்த ஒரு மகானின் கதை இது. பெயர் ரெனே ஹிகிட்டா. ஊர் கொலம்பியாவின் மெடெயின். ஸ்பானிஷ்காரர்கள் 'ஹ'வை உச்சரிப்பதில்லை, 'இகீத்தா' என்பார்கள். அதாவது, அவர் பெயரின் முதல் எழுத்தே வேலை செய்யாமல் சம்பளம் வாங்கியது. மீதி எழுத்துகளை என்ன சொல்ல?

1966இல் பிறந்தார். காஸ்தீயா என்கிற உழைப்பாளி மக்கள் பேட்டையில் பாட்டி வளர்த்த பிள்ளை. பாட்டி வளர்த்த பிள்ளைகளைப் பற்றி நம் ஊரில் என்ன சொல்வார்களோ, அது மெடெயினுக்கும் பொருந்தும். பையன் ஆரம்பத்தில் முன்வரிசையில் கோல் அடிக்கிற ஆள். ஒருநாள் கோலி இல்லை, "நீ போய் நில்லு" என்றார்கள். போனார். நிற்கத்தான் இல்லை.

உயரம் 1.75 மீட்டர். நம் ஊர் பஸ்ஸில் ஏறினால் மேல் கம்பி சுலபமாக எட்டும். ஆனால் கோல்கீப்பர் உலகத்தில் இது குள்ளக் கணக்கு. மேலே எட்டாது என்று தெரிந்ததும் மனிதர் முன்னே எட்டிப்பார்க்க ஆரம்பித்தார். பந்து பெனால்டி பாக்ஸுக்குள் வரட்டும், பிடிக்கலாம் என்ற பொறுமை இல்லை. நாலு எட்டு ஓடிப்போய்க் காலாலேயே வாங்கி, எதிரே வந்தவனை ஒரு வெட்டு வெட்டி, நடு மைதானம் வரை உருட்டிக்கொண்டு போவார். தலைமுடி பின்னால் பறக்கும். அதற்கும் பின்னால், திறந்து போட்ட வீடாக கோல் போஸ்ட் கிடக்கும்.

இதற்கு அனுமதி கொடுத்த புண்ணியவான் பிரான்சிஸ்கோ மத்துரானா. அத்லெதிகோ நசியோனல் கிளப்புக்கும் கொலம்பிய அணிக்கும் கோச்சாக இருந்தவர். படித்தது பல் மருத்துவம். பல் பிடுங்கப் படித்தவர் பந்து பிடுங்கச் சொல்லிக்கொடுத்தார். இதில் கொஞ்சம் கணக்கும் இருந்தது. தற்காப்பு வரிசையை மைதானத்தின் நடுப்பக்கமாக ஏற்றி நிறுத்தினால், அவர்களுக்கும் கோலுக்கும் நடுவே ஒரு பொட்டல் காடு உண்டாகும். அந்தக் காட்டுக்கு ஒரு காவல் வேண்டும். கோலியே அதைப் பார்த்துக்கொண்டால் ஒரு ஆள் மிச்சம். தத்துவம் சரிதான். காடு காக்கப் போனவர் கரும்பு தின்ன ஆரம்பித்ததுதான் கொஞ்சம் சிக்கல்.

பலனும் கிடைத்தது, அதையும் சொல்ல வேண்டும். 1989 கோபா லிபர்தடோரஸ் இறுதி ஆட்டம். தென் அமெரிக்க கிளப்புகளுக்கு அதைவிடப் பெரிய கோப்பை கிடையாது, அதுவரை எந்தக் கொலம்பிய கிளப்பும் அதைத் தொட்டதும் கிடையாது. பராகுவேயின் ஒலிம்பியாவிடம் முதல் ஆட்டத்தில் 0-2 என்று தோற்று, பொகோடாவில் 2-0 என்று சரிக்கட்டி, ஆட்டம் பெனால்டிக்குப் போனது. ஆளாளுக்கு மாற்றி மாற்றிக் கோட்டைவிட்டார்கள். ரெண்டு பக்கமும் சேர்த்து 18 உதை. ஹிகிட்டா நான்கைத் தடுத்தார். போதாதென்று ஒன்றைத் தானே போய் அடித்தார். கடைசியில் 5-4. கல்யாணத்தில் சமையலும் பார்த்து, நாதஸ்வரமும் வாசித்து, மொய்யும் எழுதிய ஆள் அன்றைக்கு இவர்தான்.

இங்கேதான் தலைக்கனம் ஏறும். ஏறியது.

1990, இத்தாலி, உலகக் கோப்பை. ஜூன் 23, நேபிள்ஸ். கொலம்பியாவும் கேமரூனும் நாக்அவுட்டில். 90 நிமிடம் 0-0. கேமரூன் பக்கம் ரோஜே மில்லா என்று ஒரு பெரியவர். வயது 38. ரிட்டயர்மென்ட் காலத்தை ரீயூனியன் தீவில் ஆடிக் கழித்துக்கொண்டிருந்தவரை (ஆமாம், நம் ஆட்கள் கரும்பு வெட்டக் கப்பலேறிப் போன அதே ரீயூனியன்தான்) கேமரூன் ஜனாதிபதியே கேட்டுக்கொண்டு வரவழைத்திருந்தார். பாதி ஆட்டம் பெஞ்சில், மீதி மைதானத்தில். பேரன் காதுகுத்துக்கு வந்த தாத்தா மாதிரிதான் உள்ளே வந்தார். கூடுதல் நேரத்தில், 106ஆவது நிமிடம், ஒரு கோல் போட்டார்.

சரி, ஒன்றுதானே, திருப்பிவிடலாம் என்று கொலம்பியா நினைத்த இரண்டாவது நிமிடத்தில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஹிகிட்டா கோலை விட்டு முப்பது மீட்டருக்கு மேல் வெளியே நிற்கிறார். அங்கே அவருக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள், கொலம்பியாவில் ஒருத்தரும் கேட்டதில்லை. சக ஆட்டக்காரர் பெரேயாவோடு பந்தை மாற்றிக்கொள்கிறார். பந்து திரும்ப இவர் காலுக்கு வருகிறது. எதிரே மில்லா. தூக்கி ஒரு உதை விட்டிருந்தால் பந்து கேலரிக்குப் போயிருக்கும், கதையும் முடிந்திருக்கும். நம்ம ஆள் உள்ளங்காலால் பந்தைப் பின்னுக்கு இழுத்து, தாத்தாவை ஒரு சுற்றுச் சுற்றிவிடலாம் என்று பார்க்கிறார்.

தாத்தா சுற்றவில்லை. கொலம்பிய கேப்டன் வால்டராமாவோடு பிரான்ஸின் மோன்பெல்லியே கிளப்பில் ஒன்றாக ஆடியவர் அவர். இந்தப் பிள்ளையாண்டானின் பழக்கவழக்கம் எல்லாம் முன்னமே காதுக்கு வந்திருந்தது. காலை நீட்டினார், பந்தைப் பிடுங்கினார், ஓடினார். பின்னாலேயே ஹிகிட்டா ஓடி வந்து வழுக்கி விழுந்து காலைப் பிடிக்கப் பார்த்தார். முன்னால் திறந்த வீடு. உள்ளே நாய் மட்டும்தான் நுழைய வேண்டுமா என்ன? மில்லா பந்தை உள்ளே தள்ளிவிட்டு, கார்னர் கொடிக்குப் போய், இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு ஆடினார். அந்த ஆட்டம் உலகப் புகழ் பெற்றது. கொலம்பியா ஒரு கோல் திருப்பியது, 1-2 என்று வீட்டுக்குப் போனது.

ஹிகிட்டா மழுப்பவில்லை. ஒரு வீடு அளவுக்குப் பெரிய தப்பு என்று தானே ஒப்புக்கொண்டார். வீட்டை விட்டு வெளியே போனவர் வீட்டையே அளவுகோலாகச் சொன்னது எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவர் வேண்டுமென்று சொன்னாரா, வாயில் வந்ததா, அது அவருக்கே வெளிச்சம். அந்த ஆண்டே மலையாளத்தில் என்.எஸ். மாதவன் 'ஹிக்விட்டா' என்று ஒரு சிறுகதை எழுதினார். அதில் வருகிற பாதிரியாருக்கு, தன் இடத்தை விட்டு வெளியே வந்து ஒருவனை உதைக்க வேண்டிய நேரம் வருகிறது. ஊரெல்லாம் திட்டிய தப்பில் ஒரு அறத்தைப் பார்க்க கேரளத்துக்காரர்களால்தான் முடியும். கால்பந்து என்றால் அவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல்.

அந்த உலகக் கோப்பையே ஒரு தூங்குமூஞ்சி விசேஷம். ஆட்டத்துக்குச் சராசரி 2.21 கோல். தற்காப்பு ஆட்டக்காரர் பந்தைக் கோலியிடம் தள்ளுவார், கோலி கையில் எடுத்து, தட்டி, உருட்டி, கடிகாரத்தைப் பார்ப்பார். இந்தத் திருவிளையாடலுக்கு முடிவுகட்ட 1992இல் சட்டம் வந்தது: தன் ஆள் வேண்டுமென்றே காலால் கொடுக்கிற பேக் பாஸைக் கோலி கையால் தொடக் கூடாது. அதை 'ஹிகிட்டா சட்டம்' என்றே சொல்பவர்கள் உண்டு. இது அநியாயம். கையால் எடுத்துப் பதுக்கிவைத்த கோலிகளுக்காக வந்த சட்டத்துக்கு, பந்தைக் காலை விட்டு இறக்காத மனிதரின் பெயரா? சாராயக்காரனைப் பிடிக்கப் போட்ட சட்டத்துக்குக் காபி குடிக்கிறவன் பெயரை வைத்த கதை. மற்ற கோலிகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் காலைக் கண்டுபிடித்தார்கள். 2014இல் ஜெர்மனியின் மனுவல் நோயர் அல்ஜீரியாவுக்கு எதிராகப் பாதி மைதானத்தைத் தானே பெருக்கித் தள்ளியபோது உலகமே புரட்சி என்றது. அதையே செய்தபோது நம்ம ஆளுக்குக் கிடைத்த பட்டம் 'எல் லோகோ', பைத்தியம். வெள்ளைக்காரன் வீட்டை விட்டு வெளியே போனால் வாக்கிங், நாம் போனால் ஊர்சுற்றல்.

மைதானத்துக்கு வெளியிலும் இதே வியாதிதான். தனக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் போய் நிற்பார். 1991இல் போதைமருந்துக் கடத்தல் மன்னன் பாப்லோ எஸ்கோபார் தனக்காகவே கட்டிக்கொண்ட லா கதெத்ரால் சிறைக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தார். பத்திரிகைகளில் படம் வந்தது. 1993இல் இன்னும் பெரிய விஷயம். ஒரு குடும்பத்தின் பெண்ணைக் கடத்திவிட்டார்கள், நடுவில் நின்று பேசிப் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க நம்பகமான ஆள் வேண்டும். யாரைக் கூப்பிடுவது? கோலை விட்டு வெளியே வரத் தயங்காத ஒரே ஆளைத்தான். போனார், பெண் பத்திரமாகத் திரும்பினாள். நன்றி சொல்லிப் பல்லாயிரம் டாலர் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார். கடத்தலில் பணம் பார்ப்பது அந்த ஊர்ச் சட்டப்படி குற்றம். ஏழு மாதம் உள்ளே. வாழ்க்கையிலேயே அவர் ஒரே இடத்தில் நின்ற காலம் அதுதான். பிறகு குற்றச்சாட்டு நிற்கவில்லை, வெளியே வந்தார். ஆனால் 1994 உலகக் கோப்பை கைவிட்டுப் போயிருந்தது.

அந்தக் கோப்பையில் சொந்த கோல் போட்டுவிட்டு ஊர் திரும்பிய ஆந்த்ரெஸ் எஸ்கோபாரை (இவர் வேறு எஸ்கோபார்) மெடெயினில் சுட்டுக் கொன்றார்கள். ஹிகிட்டாவுக்கு முன்னால் வரிசையில் நின்று ஆடியவர். அந்த ஊரில் கால்பந்து எவ்வளவு சிரிப்பாக இருந்தது என்பதற்கு அது போதும், மேலே போவோம்.

1995 ஹிகிட்டாவின் ஆண்டு. ஆகஸ்டில் லிபர்தடோரஸ் அரையிறுதி. அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட்டுக்கு எதிராக ஃப்ரீ கிக்கில் கோல் போட்டார், அந்த ஆட்டத்தின் ஒரே கோல். அடுத்த மாதம், செப்டம்பர் 6, வெம்ப்ளி. இங்கிலாந்தோடு நட்பு ஆட்டம். நட்பு ஆட்டம் என்றால் தெரியுமே, சொந்தக்காரர் வீட்டு கிரகப்பிரவேசம் மாதிரி. போகாவிட்டால் தப்பு, போனால் போர்.

இங்கிலாந்தின் ஜேமி ரெட்நாப் ஒரு பந்தைத் தூக்கிப் போட்டார். கிராஸா, ஷாட்டா, கை தவறியதா என்று அடித்தவருக்கே குழப்பம் வருகிற ஒரு சவலைப் பந்து. காற்றில் மிதந்து கோலை நோக்கி வருகிறது. எங்கள் தெரு கண்ணாடிக் கோலியான நான் கூட ரெண்டு கையையும் நீட்டிப் பிடித்திருப்பேன். ஹிகிட்டா பந்தைக் கையால் தொடவே இல்லை. பந்து தலைக்கு மேல் தாண்டும்வரை பொறுத்தார் (வாழ்நாளில் அவர் காட்டிய பொறுமை அவ்வளவும் அந்த அரை நொடியில் செலவாகியிருக்கும்). பிறகு முன்பக்கமாகப் பாய்ந்தார். உடம்பு தரைக்கு இணையாக, கை ரெண்டும் முன்னால் விரிந்து, முகம் ஆட்டத்தைப் பார்த்தபடி. முதுகுக்குப் பின்னால் ரெண்டு காலும் தேள் கொடுக்காக மடங்கி எழும்ப, இரண்டு குதிகாலும் சேர்ந்து பந்தைக் கோல் வாயிலிருந்து வெளியே தள்ளின. கையில் விழுந்தார், எழுந்தார், ஒன்றும் நடக்காத மாதிரி நின்றார்.

லைன்ஸ்மேன் ஆஃப்சைடுக்குக் கொடி தூக்கியிருந்தார் என்கிறார்கள். ரெஃப்ரி ஊதவில்லை. தப்பியிருந்தால் நேபிள்ஸைப் போல இன்னொரு வீடு கட்டியிருப்பார்கள். தப்பவில்லை, ஆகவே மேதை. இரண்டுக்கும் நடுவே குதிகால் அகலம்தான் இடைவெளி. ஆட்டம் 0-0.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், கல்யாண ஆல்பத்தின் கடைசிப் பக்கங்கள் மாதிரி. ஊர் ஊராக, கிளப் கிளப்பாக ஆடினார். 2004இல் ஈக்வடாரில் கொகெயின் பரிசோதனையில் மாட்டினார். 2005இல் டிவி நிகழ்ச்சி ஒன்றுக்காக முகத்தையே மாற்றி பிளாஸ்டிக் சர்ஜரி செய்துகொண்டார். இருந்த இடத்தில் இராதவர், இருந்த மூஞ்சியில் மட்டும் இருப்பாரா? 2010இல், 43 வயதில், மெடெயினில் விடைபெற்றார். பிறகு சவுதியின் அல் நஸர் கிளப் அவரைக் கோல்கீப்பர்களுக்குப் பயிற்சியாளராகச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டது. "எக்காரணம் கொண்டும் கோலை விட்டு வெளியே வராதே" என்று அவர் யாருக்காவது சொல்லிக்கொடுத்திருந்தால், அந்த வகுப்பின் வீடியோ எனக்கு வேண்டும்.

கணக்கு இதுதான். கொலம்பியாவுக்காக 68 ஆட்டம், 3 கோல். அந்த மூன்றும் அவர் அடித்தவை. வாங்கியது தனிக் கணக்கு.