புளித்துப்போன பெட்ரோல்

வென்ட்வொர்த்வில், சிட்னி
புரட்டாசி மாதம், சனிக்கிழமை இரவு

அன்புள்ள அத்தானுக்கு,

 

போன வாரம் போனில், “உனக்கென்ன மாப்பிள்ளை, சனி ஞாயிறு ரெண்டு நாளும் லீவு, ராஜா வாழ்க்கை” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். திரும்பக் கூப்பிடலாம் என்றால், பகலில் பட்டறைச் சத்தத்தில் நான் பேசுவது உங்களுக்குக் கேட்காது. நீங்கள் பட்டறையைப் பூட்டி, சாப்பிட்டு முடிக்கும்போது இங்கே நடுச்சாமம். அதனால் எழுதியே அனுப்புகிறேன். ராஜா இன்றைக்கு முழுக்கக் கார் ஷெட்டில் குப்புறப் படுத்துப் புல்வெட்டி மெஷினின் கார்புரேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் புல்லைப் பற்றிச் சொல்லவேண்டும். இங்கே கிக்குயூ என்று ஒரு புல். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. மழையும் வெயிலும் மாறி மாறி அடித்தால் போதும், போன வாரம் வெட்டினோமா இல்லையா என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும். வீட்டுக்கு முன்னால் ஒரு துண்டு, பின்னால் ஒரு துண்டு. இது போக, வாசலுக்கும் ரோட்டுக்கும் நடுவில் ‘நேச்சர் ஸ்ட்ரிப்’ என்று ஒரு பட்டை. நிலம் கவுன்சிலுக்குச் சொந்தம். அதில் புல் வெட்டுவது நம் தலையில். நம் ஊரில் புறம்போக்கை வளைத்துப் போட்டுத் தென்னை வைப்பார்கள். இங்கே புறம்போக்குக்குச் சம்பளமில்லாமல் சவரம் செய்துவிடுகிறோம். பட்டா கேட்கிற எண்ணம்கூட ஒருவருக்கும் இல்லை. அம்மா, “ஒரு ஆட்டைக் கட்டேன்டா” என்றாள். தெருவில் யோசனையாக எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். சிரித்தார்களே தவிர, ஆட்டைப் பற்றி யாரும் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

நினைத்த நேரத்துக்கு வெட்டவும் முடியாது. பக்கத்து வீட்டு அறைக்குள் சத்தம் கேட்கும்படி ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறை நாளிலும் காலை 8 மணிக்கு முன்னால் மெஷினை ஓட்டக்கூடாது. மற்ற நாட்களில் 7 மணி. ராத்திரி 8-க்குப் பிறகு எந்த நாளும் கூடாது. மாநிலச் சட்டம். எதிர்வீட்டுப் பெரியவர் ஞாயிறன்று ஏழே முக்காலுக்கே மெஷினை வெளியே உருட்டி, ஒரு காலை அதன்மேல் ஊன்றி, கயிற்றின் பிடியைக் கையில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பார். மணி ஆனதும் ஒரே இழுப்பு. அப்புறம் தெரு முழுக்க உறுமும். ஞாயிற்றுக்கிழமை தூக்கம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது இதைத்தான்.

இனி எஞ்சின். உங்கள் ஸ்ப்ளெண்டர் 97 சிசி. அதில் நீங்கள், அக்கா, சின்னவன், ஒரு மூட்டை தேங்காய் எல்லாம் பாவூர்சத்திரத்திலிருந்து தென்காசி போய் வருகிறீர்கள். நான் புல் வெட்டுகிற எஞ்சின் 150 சிசிக்குக் கொஞ்சம் மேலே. வேலை, என்னைப் பின்னால் நடக்க வைப்பது. நிமிடத்துக்குச் சுமார் 3000 சுற்று. 18 அங்குலத் தட்டின் விளிம்பில் இருக்கிற பிளேடு மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிவிடும். இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்கிற பிராணி ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதம் குளிரில் ஷெட்டில் படுத்திருக்கும். புல் மெதுவாகிவிடும், யாரும் அதைத் தேட மாட்டார்கள். செப்டம்பரில் வெயில் வந்ததும் கயிற்றை இழுத்தால் ஒரு பெருமூச்சு விடும். அவ்வளவுதான். என் மெஷின் மட்டுமில்லை, தெருவில் பாதி மெஷினுக்கு அதே நோய். பழுது பார்க்கிற கடையில் மூன்று வாரம் கழித்து வரச் சொல்கிறார்கள். இங்கே செப்டம்பர்தான் அவர்களுக்குத் தீபாவளி.

பள்ளிக்கூட லீவில் உங்கள் பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவன் நான் என்கிற தைரியத்தில் நானே கழற்றினேன். கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தைத் திறந்தால், பெட்ரோல் இருக்கவேண்டிய இடத்தில் பழுப்பும் பச்சையுமாக ஒரு பிசின். வார்னிஷ் நாற்றம். மாவு வெளியே கிடந்தால் புளிக்கிற மாதிரி பெட்ரோலும் புளிக்கிறது அத்தான். லேசான பாகம் ஆவியாகிப் போய்விடுகிறது. மிச்சம் கோந்தாகி ஜெட்டின் ஓட்டையில் உட்கார்ந்துகொள்கிறது. அந்த ஓட்டை தையல் ஊசி நுழையாத அளவு. இங்கே பெட்ரோல் பங்க்குகளில் பத்து சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் மலிவாகக் கிடைக்கும். எத்தனால் காற்றிலிருக்கிற ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும், அது கிண்ணத்தில் துருவாக வெளிப்படும். உங்களுக்கு இப்போது 20 சதவீதம் போடுகிறார்கள். மழைக்காலத்தில் சும்மா கிடக்கிற பம்புசெட், ஸ்ப்ரேயர் எல்லாம் உங்களைத் தேடி வருவதற்கு இதிலும் ஒரு பங்கு இருக்கும். கிளட்ச் ஒயரில் ஒற்றை இழையைப் பிரித்து ஜெட்டைக் குத்துவீர்களே, அதைத்தான் செய்தேன். கயிற்றை இழுத்தேன். பிடித்துக்கொண்டது.

ரொம்பச் சந்தோஷப்படாதீர்கள். பத்து நிமிடம் ஓடிவிட்டு, பின்பக்கத் துண்டின் நடுவில் நின்றுவிட்டது. ஆற விட்டு இழுத்தால் ஓடும். மறுபடி பத்து நிமிடம்.

இந்த ஊரில் ஒருத்தன் புல்வெட்டி மெஷினுக்குப் பக்கத்தில் குனிந்து நின்றால் அது அழைப்பிதழ் கொடுத்த மாதிரி. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ரிட்டயர்டு எலக்ட்ரீஷியன் வந்தார், பிளக் என்றார். கழற்றிப் பார்த்தோம். நல்ல காப்பிப் பொடி நிறம், கரி இல்லை. பின்வீட்டுக்காரர் ஏர் ஃபில்டர் என்றார், தட்டிக் காட்டினேன். எதிர்வீட்டுப் பெரியவர் ஒன்றுமே சொல்லாமல் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். எஞ்சின் சாகிற நேரம் பார்த்து டேங்க் மூடியைக் கால் திருகு தளர்த்தினார். “உஸ்” என்று ஒரு சத்தம். எஞ்சின் பிழைத்துக்கொண்டது. மூடியில் காற்றுப் போக ஒரு பொடி ஓட்டை, அதில் மண்ணும் புல்லும் அடைத்திருக்கிறது. உள்ளே வெற்றிடம், பெட்ரோல் இறங்கவில்லை. மருந்து ஸ்ப்ரேயர் மூடியில் நீங்கள் குண்டூசி விடுகிற அதே ஓட்டை! இதற்குக் கடையில் புதுக் கார்புரேட்டர் மாட்டி அனுப்பியிருப்பார்கள் என்பது பெரியவரின் கருத்து. எனக்கும் அதே கருத்துதான்.

அந்தக் கடையின் கதை தனி. போன வருஷம் பிளேடு மாற்றக் கொடுத்தேன். கொண்டுவந்து இறக்கின பையன் வேனில் மெஷினைப் பக்கவாட்டில் கிடத்தியிருக்கிறான், அதுவும் கார்புரேட்டர் கீழே இருக்கும்படி. அடியிலிருந்த ஆயில் எல்லாம் ஃபில்டருக்கும் சிலிண்டருக்கும் போய்விட்டது. சாய்த்தால் பிளக்கும் கார்புரேட்டரும் மேலே இருக்கவேண்டும் என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. விஷயம் தெரியாமல் நான் கயிற்றை இழுத்தேன், வெள்ளைப் புகை கிளம்பியது பாருங்கள், என் வீடு மறைந்தது, பக்கத்து வீடு மறைந்தது. உள்ளேயிருந்து உங்கள் தங்கை, சாம்பிராணி போடுகிறேனா என்று கேட்டாள். எலக்ட்ரீஷியன் வீட்டு அம்மா தீயணைப்புக்குப் போன் செய்யட்டுமா என்றார்.

அடுத்த வீட்டு இளைஞர் புதுசாக, பளபளவென்று, நீட்டு பிளேடு வைத்த மெஷின் ஒன்று வாங்கினார். ஆஸ்திரேலிய மெஷின்களில் பெரும்பாலும் வட்டத் தட்டும், அதன் ஓரத்தில் நாலு சின்ன பிளேடும் இருக்கும். கல்லில் பட்டால் பிளேடு பின்னால் மடங்கிக்கொள்ளும். நீட்டு பிளேடு மடங்காது. அவர் புல்லுக்குள் மறைந்திருந்த தண்ணீர்த் தெளிப்பான் தலையில் விட்டார். ‘டங்’. எஞ்சின் ஒரே அடியாக நின்றது. மறுபடி இழுத்தால் கயிறு கையைப் பிடுங்கி உள்ளே இழுக்கிறது. வெடிக்கிறது, ஓடமாட்டேன் என்கிறது. ஃப்ளைவீலைப் பிடித்திருக்கிற மெத்தென்ற உலோகக் கீ வெட்டுப்பட்டிருந்தது. கிராங்க் நின்றுவிட்டது, வீல் வேகத்தில் கொஞ்சம் நகர்ந்துவிட்டது, பொறி வேறு நேரத்தில் விழுகிறது. சில்லறைக் காசு கீ. அதைப் பார்க்க எல்லாவற்றையும் கழற்றவேண்டும். இங்கே கூலி மணிக்கணக்கில். கூலியைக் கேட்டவர் மெஷினைத் தூக்கிப்போடலாமா என்று யோசித்தார். நான் கழற்றி மாட்டிக் கொடுத்தேன். லட்டு கொடுத்துவிட்டார்.

எந்தக் கம்பெனி மெஷின் உழைக்கும் என்று கேட்பீர்கள். தெருவில் வீட்டுக்கு ஒரு கட்சி. எனக்குத் தெரிந்தவரை மேலே ஒட்டியிருக்கிற பெயர்தான் பலது. உள்ளே இருக்கிற எஞ்சின் இரண்டு மூன்று பேர் செய்ததுதான். வாராவாரம் ஓடுகிற மட்டமான மெஷின்கூட வருஷக்கணக்கில் ஓடுகிறது. மூன்று மாதம் பெட்ரோலோடு படுத்தால் எந்தக் கொம்பன் எஞ்சினும் எழுந்திருப்பதில்லை. குளிருக்கு முன்னால் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓட்டிவிடவேண்டும். நிறையப் பேர் செய்வதில்லை. கடைக்காரர்களும் வற்புறுத்திச் சொல்வதாகத் தெரியவில்லை.

இந்தச் சிட்னிக்கும் புல்வெட்டிக்கும் ஒரு பழைய உறவு உண்டு. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கான்கார்ட் என்ற பகுதியில், 1952-ல், மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் என்பவர் தன் வீட்டுக் கார் ஷெட்டில் இருந்த இரும்பு, குழாய் எல்லாம் சேர்த்து ஒரு புல்வெட்டி செய்தார். பெட்ரோல் டேங்க் என்ன தெரியுமா? காலியான பீச் பழ டின். தன் நடுப்பெயரை வைத்து ‘விக்டா’ என்று விற்றார், நாடு முழுக்கப் பரவிவிட்டது. 2000-ல் இங்கே ஒலிம்பிக் தொடங்கியபோது மைதானத்தில் புல்வெட்டிகளை ஆட விட்டார்கள் என்றால் பாருங்களேன். இதற்கெல்லாம் மூத்தவர் இங்கிலாந்தில் ஸ்ட்ரௌட் ஊர்க்காரர் எட்வின் பட்டிங். துணி ஆலையில் துணியின் மேல்மயிரைக் கத்தரிக்கிற மெஷினைப் பார்த்து, 1830-ல் புல்லுக்கு ஒன்று செய்தார். அதே ஆள்தான் பிற்பாடு திருகித் திருகி வாய் மாற்றுகிற ஸ்பேனரையும் செய்தாராம். தான் செய்து வைத்தது என்ன என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

எதிர்வீட்டுப் பெரியவருடையது பழைய டூ ஸ்ட்ரோக். ஆயில் கலந்த பெட்ரோல். புகைச் சட்டம் வந்து, 2019 நடுவிலிருந்து அந்த மாதிரிப் பழைய வகை எஞ்சினைப் புதுசாக விற்க முடியாது. அதனால் அவர் தன்னுடையதைப் பேரக்குழந்தையைவிட நன்றாகப் பார்த்துக்கொள்கிறார். அந்த நீலப்புகை காற்றில் வந்தால் எனக்கு டிவிஎஸ் 50 ஞாபகம்தான். உங்கள் தங்கை ஜன்னலைச் சாத்துகிறாள். அவளுக்கு பேட்டரி மெஷின் வேண்டுமாம். கயிறு இல்லை, பிளக் இல்லை, பிசின் இல்லை, வாஸ்தவம்தான். ஆனால் ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனி மெஷினில் உட்காராது. புல் முழங்காலைத் தொட்டால் பாதித் துண்டிலேயே சார்ஜ் இறங்கிவிடும். பேட்டரி கிழடாகிப் புதுசு வாங்கப் போனால், மெஷினுக்கே ஒரு விலை சொன்ன மாதிரி சொல்கிறார்கள். தவிர, கெட்டுப்போனால் கழற்றிப் பார்க்க அதில் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு உண்மையான குறை. அவளிடம் சொல்லவில்லை.

அக்கா டிசம்பரில் வருவதாகச் சொன்னாள். நீங்களும் சேர்ந்து வாருங்கள், டிக்கெட் நான் எடுக்கிறேன். அந்த நேரம்தான் புல் வெறிபிடித்து வளரும். எஞ்சின் டாக்டர் ஒருவர் இந்தியாவிலிருந்து வருகிறார் என்று தெருவில் சொல்லிவிட்டேன். பெரியவர் தன் டூ ஸ்ட்ரோக்கைக் காட்ட முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருக்கிறார். அடுத்த வீட்டுக்காரர் மெஷினில் பிரேக் கேபிள் தளர்ந்து கயிறு இழுக்க வரவில்லை, அவர் இரண்டாவது. சுற்றுலா விசாவில் காசு வாங்கக்கூடாது, அதை மட்டும் நினைவில் வையுங்கள். லட்டு வாங்கலாம்.

கிளட்ச் ஒயர் இழை நாலைந்து சுருட்டி அக்காவின் பெட்டியில் வைத்துவிடுங்கள். இங்கே கிடைப்பது தடிமனாக இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் மைத்துனன்