காலேசு மாறப்போற பேராண்டிக்கு

வாங்க பேராண்டி, உக்காருங்க. ரெண்டு வருசம் பி.சி.ஏ. படிச்ச தொரைய அக்காள்மடத்துல நிக்க வச்சுப் பேசலாமா? காலேசு மாறப் போறீகளாம், படிச்ச கிரெடிட்ட எல்லாம் கிரெடிட் பேங்குல போட்டுக் கூடவே கொண்டுபோயிருவீகளாம். ரொம்பச் சந்தோசம். எந்தக் காலேசுன்னு எப்படிப் புடிச்சீக? வாசல் வளைவு பெருசு, பஸ்ஸுல ஏசின்னு ராமநாதபுரத்துல பிளக்ஸ் பாத்தீகளோ? சரியான ஆளுதான். சாப்ட்வேர் எழுதுறவனுக்கு வளைவு முக்கியம்ல.

அந்தக் கிரெடிட் பேங்கு நல்ல ஏற்பாடுதான்டா, இல்லேங்கல. 2021-ல யு.ஜி.சி. கொண்டாந்தாக. பன்னெண்டு இலக்கத்துல அபார் நம்பரு, நீ பாஸான பேப்பரெல்லாம் போன்லயே தெரியும், ஏழு வருசம் வரைக்கும் செல்லும். ஏழு வருசத்துல நீ படிச்ச ஜாவா என்ன கதியில கெடக்கும்னு மட்டும் எவனும் கேக்க மாட்டான்! ஆனா பத்திரமா வச்சிருக்கதோட பேங்கு வேல முடிஞ்சுச்சு. எடுத்துக்கிறதும் தள்ளுறதும் போற காலேசு பாடு. பாம்பன்ல நீ அம்பது கிலோன்னு ஏத்திவிட்ட நண்டுக்கு, ஐஸ் தண்ணி வடிஞ்சு வியாபாரி தராசுல எம்புட்டு நிக்குதோ அம்புட்டுக்குத்தான காசு?

அதனால வளைவப் பாக்காத, சிலபஸ வாங்கு. உன்னோடதையும் அவுகளோடதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாரு. டேட்டா ஸ்ட்ரக்சர்னு தலப்பு ஒண்ணா இருக்கும், உள்ள யூனிட்டு வேற வேறயா இருக்கும். லேப இவுக சேத்து எண்ணியிருப்பாக, அவுக தனியா எண்ணுவாக. இன்னொண்ணு, டிகிரி குடுக்குற எடத்துலயே பாதிக் கிரெடிட்டாவது எடுக்கணும்னு அந்த 2021 விதியிலயே இருக்கு. மூணு வருசப் படிப்புல ரெண்டு வருசத்த முடிச்சிட்டுக் கெளம்புறியே, கணக்கு எங்க வந்து நிக்கும்? எங்கிட்ட கேக்காத, கம்ப்யூட்டரு படிச்சவன் நீ.

பாலிடெக்னிக் முடிச்ச பயலுகளுக்கு இந்தத் தலவலி கெடையாது. லேட்டரல் என்ட்ரின்னு நேரா ரெண்டாம் வருசம் பி.இ.ல போயி உக்காந்துக்கிறான். அங்க பேப்பர் பேப்பரா எண்ணுறதில்ல, ஒரு வருசத்த மொத்தமாக் கழிச்சு விட்டுர்றாக. நீதான் அப்பவே பாலிடெக்னிக்க மட்டமாப் பேசுனவன் ஆச்சே.

எடத்த விட்டு நகர வேணாம்னா மெட்ராஸ் ஐ.ஐ.டி.யில 2020-ல ஆரம்பிச்ச ஆன்லைன் படிப்பு இருக்கு. பாடம் வீட்டுல, பரீட்சைக்கு மட்டும் நேர்ல போகணும். பாதியில எறங்குனாலும் முடிச்ச அளவுக்கு ஒரு சான்றிதழ் உண்டு. ஆனா அதுல பஸ்ஸே கெடையாதேப்பா, ஏசிக்கு எங்க போவ?

டி.சி. வாங்குறதுக்கு முந்தி ஒண்ணு செய்யி. எந்தெந்தப் பேப்பர ஏத்துக்கிறாக, எத மறுபடி எழுதணும்னு தாள்ல எழுதி, சீல் போட்டு வாங்கிக்க. அட்மிஷன்ல உக்காந்திருக்கவுக 'பாத்துக்கலாம் தம்பி'ம்பாக. பொறவு பாத்துக்கிறவன் நீதான், கையில அரியரோட.

என்னது, கலாம் ஐயாவும் மாறுனாகளா? மாறுனாகதான். திருச்சி செயின்ட் ஜோசப்புல பிசிக்ஸ முடிச்சிட்டு மெட்ராஸ் எம்.ஐ.டி.க்குப் போனாக. ஆனா பட்டத்த முழுசா முடிச்சிட்டுப் போனாகடா, பாதியில இல்ல. பணங் கட்ட அக்கா ஜொஹரா தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வச்சாக. உங்க அக்கா போட்டிருக்கது கவரிங்கு. நான்தான் தங்கச்சிமடத்துல வாங்கிக் குடுத்தேன்.