முப்பது சென்ட் நிலமும் ஓர் ஓட்டு வீடும்

கடப்பாக்கத்தில் விலைக்கு வரும் பழைய வீடு பெரும்பாலும் ஒரே சாயலில் இருக்கும். 400, 450 சதுர அடியில் ஓட்டுக் கூரை, முன்னால் திண்ணை, பின்னால் உறை இறக்கிய கிணறு, அதைத் தாண்டி நாலைந்து பனை, கொஞ்சம் தென்னை, எல்லாவற்றையும் சுற்றி முள்வேலி. நிலம் 30 சென்ட் என்று வைத்துக்கொண்டால் 13,068 சதுர அடி. அதில் 450 சதுர அடி வீடு நூற்றுக்கு மூன்றரைப் பங்குகூடத் தேறாது. வாங்க வருபவர் காரை விட்டு இறங்கியதும் மீதிப் பங்கைத்தான் பார்க்கிறார். வீட்டைப் பார்ப்பது, அதை இடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்கும்போது.

ஊர் செங்கல்பட்டு மாவட்டம், செய்யூர் வட்டம், இடைக்கழிநாடு பேரூராட்சியைச் சேர்ந்தது. சென்னையிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கழிவெளி, நடுவே கிழக்குக் கடற்கரைச் சாலை. சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூரைச் சேர்ந்தவர் என்று நூல் சொல்கிறது. எந்த வழியாகப் போனால் யாரிடம் என்ன கிடைக்கும் என்று விவரமாகச் சொல்லி ஆளை அனுப்பி வைப்பது ஆற்றுப்படையின் வேலை. இந்தப் பகுதியில் அந்தத் தொழில் அறுந்து போகவில்லை. நத்தத்தனார் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கியதற்குத்தான் சான்று எதுவும் இல்லை.

இடிக்கும் வழக்கத்துக்கும் இங்கே முன்னோடி உண்டு. ஊரின் மிகப் பெரிய பழைய கட்டடம் ஆலம்பரைக் கோட்டை. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி கான் காலத்தில் அது எழுந்தது. 1750-இல் முசாஃபர் ஜங் அதைப் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவுக்குக் கொடுத்தார். 1760-இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், பிடித்த கையோடு இடித்தார்கள். இடித்த இடத்தில் வேறு எதுவும் கட்டவில்லை. சாலையோரம் பளபளக்கும் கேட்டும் காம்பவுண்டுச் சுவரும் மட்டும் நிற்க, உள்ளே எருக்கு வளரும் மனைகளைப் பார்த்தால், பின்னால் வந்தவர்களும் அதே முறையைக் கடைப்பிடிப்பது விளங்கும்.

மதிப்பீட்டில் முதல் வேலை அளவு. பத்திரத்தில் சென்ட் இருக்கும். பட்டாவில் அதே நிலம் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும்; 30 சென்ட் என்பது 12.14 ஏர். சென்னையிலிருந்து வருபவருக்கு 2,400 சதுர அடி கொண்ட கிரவுண்டில் சொன்னால்தான் புரியும் என்பதால் தரகர் அதை “அஞ்சரை கிரவுண்டு” ஆக்கிவிடுகிறார், கொஞ்சம் கூடுதலாகவே. விற்கும் குடும்பத்துப் பெரியவரோ “அந்தப் பனையிலேருந்து இந்தப் பனை வரைக்கும்” என்று கைநீட்டுகிறார். சர்வேயர் புலப்படத்தை விரித்துச் சங்கிலி பிடித்த பிறகு, இரண்டு பனையில் ஒன்று பக்கத்து வீட்டுக்காரருடையது என்று தெரியவரும். வேலியும் வேர்விட்ட பொருள்தான். பல ஆண்டுகளில் யார் பக்கம் நகர்ந்தது என்பதற்கு இரு வீட்டிலும் இருவேறு வரலாறுகள் இருக்கும்.

அளந்தபின் விலை. தரகரின் கணக்கு எளியது: சென்ட் விலையை முப்பதால் பெருக்க வேண்டும், வீட்டுக்குப் பூஜ்யம் போட வேண்டும். “வூட்ட வுட்டுடுங்க சார், அது எடத்தோட சும்மா வருது” என்பார். அவர் வாயில் விலை உயரும் வரிசை இது: ஊருக்குள், ரோடு டச், கழி வியூ, பீச் டச். வீடு இந்த வரிசையில் எங்கும் வராது. சில தரகர்கள் இடிக்கும் கூலியைக்கூட விலையிலிருந்து கழித்துக்கொள்ளச் சொல்வார்கள். அப்போது வீட்டின் மதிப்பு பூஜ்யத்துக்கும் கீழே இறங்குகிறது.

அரசாங்கம் இன்னொரு கணக்கு வைத்திருக்கிறது. பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பு நிலத்துக்கு. கட்டடத்தைத் தனியாக மதிப்பிட்டு, வயதுக்குத் தக்கபடி தேய்மானம் கழிப்பார்கள். கிரயத்துக்கு முத்திரைத்தீர்வை 5 சதவீதம், உரிமை மாற்றக் கூடுதல் தீர்வை 2, பதிவுக்கட்டணம் 2, ஆக மொத்தம் 9 சதவீதம். ஓட்டு வீட்டுக்குத் தேய்மானம் போக மிஞ்சுவது சொற்பம், அதற்கு 9 சதவீதம் அதைவிடச் சொற்பம். ஆனாலும் அந்தச் சொற்பத்தையும் மிச்சம் பிடிக்க ஒரு யோசனை பத்திரம் எழுதும் இடத்தில் பிறக்கும்: “காலி மனைன்னு போட்டுடலாமே.” வீடு கண்ணெதிரே நிற்க, கிணற்றில் வாளி தொங்க, திண்ணையில் ஒருவர் உட்கார்ந்திருக்க, பத்திரத்தில் அது காலி மனையாகிவிடும். முறைகேடு என்பது ஒருபுறமிருக்க, இந்தச் சொத்தில் செய்யக்கூடிய மிகச் செலவான சிக்கனம் இதுதான். காரணம் கடல்.

1991, 2011, 2019 என்று மூன்று முறை கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்திருக்கிறது. பெரிதாகக் கட்டடம் எழும்பாத கடலோரம் அதில் மூன்றாம் வகை. 2011 அறிவிக்கைப்படி, ஓதம் உச்சமாக ஏறும் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 200 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாது. 2019 அறிவிக்கை இந்த வகையை இரண்டாகப் பிரித்தது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் இடங்களுக்கு 50 மீட்டர், மற்ற இடங்களுக்குப் பழைய 200 மீட்டர். கழிவெளிக் கரைக்குத் தனியே ஓர் அளவு உண்டு. கடலைப் பார்த்தபடி ஒருவர், கழியைப் பார்த்தபடி ஒருவர் என்று இரண்டு காவலர்கள் நிற்கும் ஊர் இது.

விலக்கு ஒன்று இருக்கிறது. தடை எல்லைக்குள் முறைப்படி ஏற்கெனவே நிற்கும் வீட்டைப் பழுது பார்க்கலாம், திரும்பக் கட்டவும் செய்யலாம். அடித்தளப் பரப்பும் மொத்தத் தளப்பரப்பும் பழைய அளவைத் தாண்டக் கூடாது. இப்போது அந்த முப்பது சென்ட்டை மறுபடி கணக்குப் போட வேண்டும். தமிழ்நாட்டின் 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் சாதாரணக் கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. சென்னை தியாகராய நகரில் இதே அளவு மனையும் இதே மாதிரிச் சின்ன வீடும் இருந்தால் பில்டர் 26,136 சதுர அடி வரை மனத்துக்குள் கட்டி, பாதி ஃப்ளாட்டை விற்றும் முடித்திருப்பார். அங்கே வீடு உண்மையிலேயே இடைஞ்சல். கடப்பாக்கத்தில் தடை எல்லைக்குள் விழுந்த மனையில் கட்டக்கூடியது 450 சதுர அடி, அதுவும் வீடு இருந்ததற்குச் சான்று காட்டினால். பத்திரத்திலேயே காலி மனை என்று எழுதி, ஜேசிபி வைத்துத் தரைமட்டமும் ஆக்கிவிட்டவருக்கு அந்த 450-ம் இல்லை. தரகர் போட்ட பூஜ்யம் கடைசியில் சரியாகவே வந்துவிடுகிறது, நிலத்தின் பக்கத்தில்.

ஆகவே வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, வீடு நிற்கும் பழைய படம், வீட்டைக் குறிப்பிடும் மூலப்பத்திரம் ஆகியவற்றை வாங்குபவர் தகரப் பெட்டியோடு கேட்டு வாங்குவது நல்லது. நத்தம் நிலமாக இருந்தால் இது இன்னும் பொருந்தும். கிராம நத்தம் குடியிருப்புக்கென்று விட்ட நிலம். அங்கே தலைமுறையாகக் குடியிருப்பதே உரிமையின் வேர். நத்தம் நிலவரித் திட்டத்தில் பட்டா வந்ததும் அந்த வேரைப் பார்த்துத்தான். முப்பது ஆண்டுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தால் ஒரு வரிகூட வராத நிலத்தில், கூரையும் அடுப்புக் கரியும்தான் பேசும் சாட்சிகள்.

வீட்டோடு சும்மா வருவதில் அடுத்தது கிணறு. கடலோர மணலில் மழைநீர் இறங்கி, கீழேயுள்ள உப்புநீரின் மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைந்தது என்பதால், கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். ஐரோப்பாவில் இதைக் கணக்கிட்டவர்கள் நெதர்லாந்தின் கைபன், 1901-இல் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க். கடப்பாக்கத்தில் கிணறு வெட்டியவர் இருவரையும் கேள்விப்பட்டதில்லை. தண்ணீர் கண்டதும் நிறுத்தினார், ஏனென்றால் அதற்கு மேல் வெட்டக் கூலி இல்லை. அதனாலேயே கிணறு இன்றும் இனிக்கிறது. புதிதாக வாங்கியவர் அதை மண்ணால் மூடிவிட்டு, வசதிக்குத் தக்கபடி ஆழமாக போர் போடுகிறார். மோட்டார் இழுக்க இழுக்க அடியிலுள்ள உப்புநீர் கூம்பாக மேலேறி வருகிறது. பிறகு ஆர்.ஓ. இயந்திரம் வருகிறது, அதற்குப் பிறகு தண்ணீர் லாரி. கிணற்றுக்கு எந்தத் தேய்மான அட்டவணையும் இல்லாதது விற்பவருக்கு நேர்ந்த நஷ்டம்.

மரங்களில் தென்னைக்குக் காய்ப்பைப் பார்த்து ஒரு விலை சொல்லலாம். பனை வேறு வகை. 2021-இல் தமிழக அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்தது. வீட்டை இடிக்க ஒரு முற்பகல் போதும். வீட்டுக்குப் பின்னால் நிற்கும் பனையை வெட்ட ஆட்சியர் வரை போக வேண்டும். பனைக்கு இதைவிட மேலான பழிவாங்கல் ஒன்றும் உண்டு: வீட்டின் கூரைச் சட்டமும் வைரம் பாய்ந்த பனைதான். கரையான் அண்டாத அந்தச் சட்டத்தைப் பூஜ்யம் என்று கழற்றிப் போட்ட பிறகு, அதே சாலையில் பழைய மரக்கடையில் ஒற்றைத் தூணின் விலையைக் கேட்டு வாங்கியவர் வாயடைத்துப் போவார். மங்களூர் ஓட்டுக்கும் மறுவிற்பனை உண்டு. பாசல் மிஷன் 1865-இல் மங்களூரில் சூளை தொடங்கிய வகை அது. வடக்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ராவில் இப்படிப்பட்ட பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து கோத்து நிறுத்தியிருக்கிறார்கள். இந்தச் சாலையில் ஓட்டு வீட்டைக் காசு கொடுத்துப் பார்க்கிற இடம் அது ஒன்றுதான். டிக்கெட் வாங்கி உள்ளே போய்த் திண்ணையில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்பவர்களில், அன்று காலை ஒரு திண்ணையை இடிக்க முன்பணம் கொடுத்தவரும் இருக்கலாம்.

வீட்டுக்கு உண்மையிலேயே விலை போடும் அலுவலகமும் இருக்கிறது. மாமல்லபுரம்–புதுச்சேரிச் சாலை, தேசிய நெடுஞ்சாலை 332ஏ என்ற பெயரில் நான்கு வழியாகிறது. அதற்காக எடுக்கப்படும் நிலத்துக்கு 2013 நிலமெடுப்புச் சட்டத்தின் இழப்பீட்டு விதிகள் பொருந்தும். அதன்படி வீடு, கிணறு, மரம் எல்லாவற்றையும் எண்ணி மதிப்பிட்டு, மொத்தத்தின் மேல் இன்னொரு 100 சதவீதம் ஆறுதல் தொகை சேர்க்க வேண்டும். இடிப்பதற்கென்றே வருகிறவர் மட்டும்தான் வீட்டைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்.

பங்குதாரர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம், அது நடக்கும்போது சுருக்கமாக இருக்காது. பூர்வீகச் சொத்தில் 1989-இல் மாநிலத் திருத்தம் திருமணமாகாத மகள்களுக்கும், 2005-இல் மத்தியத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் மகனுக்குச் சமமான உரிமை தந்தன. “தங்கச்சிங்கல்லாம் கையெழுத்துப் போட்டுடுவாங்க சார்” என்று அண்ணன் சொல்வதை ஒரு ஆவணமாகக் கொள்ளலாகாது. பங்குப் பணத்தில் உடன்பாடு வந்த பிறகும் பேச்சு நிற்கும் இடம் நிலைவாசல். தேக்கு நிலையும் கதவும் மூத்த அத்தைக்கா, சின்ன அத்தைக்கா என்று முடிவாகாமல் பதிவு தள்ளிப்போகும். வாங்குபவர் அப்போதுதான் முதன்முறையாக அந்தக் கதவை உற்றுப் பார்க்கிறார்.

வீட்டைப் போய்ப் பார்க்கும் காலமும் மதிப்பீட்டில் சேரும். தரகர் அழைத்துப் போவது தை மாதம். காற்று இதமாக இருக்கும், கிணறு நிறைந்திருக்கும், ஓடு காய்ந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை போனால் கூரை எங்கே ஒழுகுகிறது, தண்ணீர் எந்தப் பக்கம் தேங்குகிறது என்று தெரியும். வைகாசியில் ஒருமுறை போய்க் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்க்க வேண்டும். ஓட்டு வீட்டில் மழைக்கு முன் ஓடு திருப்பிப் போடும் ஆள் இன்னும் ஊரில் இருக்கிறாரா என்பதையும் அப்போதே விசாரிக்கலாம்; அவரைக் கேட்டால் சட்டத்தின் நிலைமை, கூரை கடைசியாக எப்போது பிரிந்தது, வீட்டுக்காரர் கூலி பாக்கி வைத்திருக்கிறாரா என்று வேறெந்த அறிக்கையிலும் வராத விவரமெல்லாம் கிடைக்கும்.

எல்லாம் முடிந்து பத்திரம் எழுதும்போது சொத்து விவரத்தில் வீட்டின் சதுர அடி, ஓட்டு வகை, கிணறு, மரங்களின் எண்ணிக்கை, மின் இணைப்பு எண் எல்லாம் வர வேண்டும். பழைய பத்திர எழுத்தர்கள் இதில் தாராளமானவர்கள். நிதி, நிக்ஷேபம், ஜலம், தரு, பாஷாணம் என்று புதையல் முதல் கல் வரை எழுதிக் கொடுப்பார்கள். கடைசியில் நான்கெல்லை. வடக்கு, தெற்கு, மேற்கு எல்லைக்காரர்கள் அளக்கும் நாளில் நேரில் வந்து நின்று ஆட்சேபம் சொல்வார்கள். கடற்கரை மனையாக இருந்தால் கிழக்கில் “கடலுக்கு மேற்கு” என்று போடுவது வழக்கம். அந்த எல்லைக்காரர் அளவுக்கு வருவதில்லை, கையெழுத்தும் போடுவதில்லை. வேலியை மட்டும் அவ்வப்போது நகர்த்திக்கொள்கிறார்.