நாலேகால் அங்குலக் குழி

(மருமகன் சென்னை கம்பெனி ஒன்றில் மேலாளர், புதிதாக கோல்ஃப் பழகுகிறார். அரிசி மூட்டையோடு வந்திறங்கிய தாய்மாமன், திருவையாறு பக்கத்து விவசாயி.)

மாமா: ஏண்டா மாப்ளே, இத்தனை கம்பும் ஒத்தைப் பந்தை அடிக்கவா?

மருமகன்: 14 வரைக்கும் வச்சுக்கலாம் மாமா. குழி நாலேகால் அங்குலம்தான். மொத்தம் 18 குழி.

மாமா: நிலம்?

மருமகன்: நூறு ஏக்கருக்கு மேல வேணும்.

மாமா: தென்னங்கன்னுக்கே மூணடிக் குழி எடுக்கறோம். இந்த எலி வளைக்கு நூறு ஏக்கரா?

மருமகன்: கல்கத்தா போய்ப் பாருங்க. ராயல் கல்கத்தா கிளப், 1829ல ஆரம்பிச்சது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே அதுதான் ஆகப் பழசு. வழி நெடுகக் குளம்.

மாமா: மீன் உண்டா?

மருமகன்: பந்துதான் உண்டு. ஷில்லாங்ல பைன் மரங்களுக்கு நடுவுல ஆடலாம். குல்மார்க் 2,600 மீட்டர் உயரம். காத்து லேசா இருக்கறதால பந்து இன்னும் தூரம் போகும். சிம்லா பக்கம் நால்டேரா... கர்சன் பிரபு அந்த இடத்துல மயங்கி, மகளுக்கே அலெக்சாண்ட்ரா நால்டேரான்னு பேர் வச்சார்.

மாமா: 1905ல வங்காளத்தை ரெண்டா வெட்டினவர்தானே? புல்லு மேல மட்டும் பாசமாக்கும்!

மருமகன்: டெல்லி கிளப்தான் மாமா உச்சம். மைதானத்துக்குள்ளேயே முகலாயர் காலக் கல்லறை, மயில் எல்லாம் இருக்கு. மெம்பராக மனுப் போட்டா வருஷக்கணக்கா காத்திருக்கணும்.

மாமா: கல்லறை பக்கத்துலயே இருக்கறது வசதிதான்.

மருமகன்: ராணுவத்துக்கிட்ட மட்டும் 97 மைதானம், 8,076 ஏக்கர்னு தணிக்கை அறிக்கையே வந்துச்சு. ஆனா அவங்க கணக்குல அது கோல்ஃப் மைதானம் இல்ல, 'சுற்றுச்சூழல் பூங்கா மற்றும் பயிற்சிப் பகுதி'.

மாமா: அடேயப்பா, எங்க ஊர்க் கணக்குல 1,200 வேலி! வாய்க்கால் கரையில நாலு வாழை வச்சதுக்கு எனக்கு ஆக்கிரமிப்பு நோட்டீஸ் வந்துச்சு. ஊருக்குப் போனதும் 'சுற்றுச்சூழல் பூங்கா'ன்னு ஒரு பலகை மாட்டறேன்.

மருமகன்: கிண்டல் பண்ணாதீங்க. இங்கயும் கொடைக்கானல்ல 1895லேர்ந்து கிளப் இருக்கு. கிண்டியில குதிரைப் பந்தயத் திடல் நடுவுலயே ஆடினாங்க.

மாமா: சரி, இத்தனை ஏக்கர்லயும் உருப்படியா ஆடினவன் எவனாவது உண்டா?

மருமகன்: ஏன் இல்ல? சௌரசியா. 2008ல இந்தியன் மாஸ்டர்ஸ் ஜெயிச்சார், அதே டெல்லி மைதானத்துல. அப்புறம் 2016, 2017 ரெண்டு வருஷமும் இந்தியன் ஓப்பன்.

மாமா: அவங்க அப்பா பெரிய மெம்பரா?

மருமகன்: (தொண்டையைச் செருமி) கல்கத்தா கிளப்புல புல் பராமரிச்சவர்.

மாமா: அப்படிச் சொல்லு. அவன் ஆடப் போயிருக்கான், நீங்கல்லாம் தொப்பை குறைய நடக்கப் போறீங்க. அதுக்கு எங்க வரப்பு போதும், வா.