கட்டுச்சோற்று அண்ணாச்சி

எழும்பூரில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் கிளம்பும் வண்டிக்கு ஆறு மணிக்கே வந்து, பிளாட்பாரத்தில் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்திருப்பவரைப் பார்த்திருப்பீர்கள். திருநெல்வேலிப் பக்கத்து ஆளென்றால் அண்ணாச்சி. மற்ற ஜில்லாக்களிலும் உண்டு. பெயர்தான் மாறும், பை மாறாது.

அந்தப் பைக்குள் ஒரு குடித்தனமே இருக்கிறது. டிக்கெட் போனில், அதன் பிரிண்ட் சட்டைப்பையில், பிரிண்டின் ஜெராக்ஸ் மதினியின் ஹேண்ட்பேக்கில். போன் செத்தால் பவர் பேங்க், அதுவும் செத்தால் டைரியில் எழுதிய நம்பர்கள். பெட்டியைக் கட்டச் சங்கிலி, பூட்டு, டார்ச், ஓமத் திரவம், சித்திரையிலும் குடை.

இவ்வளவும் பயம்தான். சாப்பாடு மட்டும் கலை. இட்லிக்கு இருபுறமும் மிளகாய்ப்பொடி தடவி, நல்லெண்ணெயில் ஊறவிட்டு, வாட்டிய வாழையிலையில் கட்டியிருக்கும். தயிர்சாதத்தில் தயிர் கிடையாது. சாதத்தைப் பால்விட்டுக் குழைத்து, கொஞ்சம் மோர் மட்டும் விட்டால், பிரிக்கிற நேரத்தில் பதமாகப் புளித்திருக்கும். மதினி எப்போதும் மறுநாள் மதியத்துக்குக் கணக்குப் பண்ணித்தான் உறை விடுவார். வண்டியோ விடியற்காலையில் ஊர் சேர வேண்டியது.

“என்ன அண்ணாச்சி, காசிக்கா போறிய?” என்று கேட்கும் இளவட்டங்கள், தோளில் ஒரு பையோடு கடைசி நிமிஷத்தில் ஓடிவந்து ஏறுகிற ரகம். அவர்களுக்கு அண்ணாச்சியிடம் ஒரே பதில்தான்: “ஸ்ரீவைகுண்டம்.”

2023 டிசம்பர் வெள்ளத்தில், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனோடு நின்றுபோனது. தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துப்போய், சுற்றிலும் தண்ணீர். நூற்றுக்கணக்கானவர்கள் நாள் கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள்தான் சமைத்துப் போட்டார்கள். அண்ணாச்சி அந்த வண்டியில் இல்லை. கதையைக் கேட்கிறவர்களுக்கு அது கடைசிவரை தெரியாது. “சோறு போட்டாங்க, சரி. எவன் பையிலயாவது ஒரு ஊறுகாத் துண்டு இருந்துச்சாடே?”

வண்டி நிஜமாகவே தாமதமாகும் ராத்திரியில்தான் அவர் முகத்தில் களை வரும். ஒலிபெருக்கி வருத்தம் தெரிவித்த மறுகணம் டப்பா திறக்கும். கேலி பேசிய பையன்தான் முதலில் பக்கத்தில் வந்து உட்காருவான். இட்லி இலவசம், மூன்றாவது இட்லிக்குள் ஸ்ரீவைகுண்டத்தை இன்னொரு தடவை கேட்டாக வேண்டும், அவ்வளவுதான். என்னைக் கேட்டால், இவர் தனக்காக மூட்டை கட்டுவதே இல்லை. வெறுங்கையோடு வருகிறவர்களை நம்பித்தான் கட்டுகிறார். அவர்களும் திருந்திவிட்டால் பாவம், மனுஷன் இடிந்துபோவார்.

சட்டமும் அவருக்கு அத்துபடி. “ஏறுற ஸ்டேஷன்ல மூணு மணி நேரத்துக்கு மேல லேட்டுன்னா, போகாம விட்டா முழுப் பணமும் திரும்பும்டே. ஆனா வண்டி கிளம்பும் முன்னாடியே போன்ல டிடிஆர், அதான் பணம் திரும்பக் கேட்டு மனு, போட்டுரணும். பொறவு அழுது பிரயோசனமில்ல.” சொல்வதோடு விடமாட்டார். பையனின் போனை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எழுத்தெழுத்தாகத் தட்டி, போட்டே கொடுத்துவிடுவார். கிளாம்பாக்கத்தில் எந்த பஸ்ஸைப் பிடிக்கலாம் என்பதும் டைரியில் இருக்கும். அரை மணி நேரத்தில் அவரைச் சுற்றி உட்கார்ந்த கூட்டமே காலியாகும்.

கிளம்புகிற பையன் மரியாதைக்குக் கேட்பான்: “நீங்க வரலையா அண்ணாச்சி?”

“எப்டிடே வர? தயிர்சாதம் இன்னும் புளிக்கலல்லா!”