ஓடும் சைக்கிளைப் பிடிப்பது எப்படி?

கேள்வி: ஓடும் வண்டியை ‘பேனிங்’ முறையில் எடுத்துவரச் சொல்லி அசைன்மென்ட். வண்டி கலங்குகிறது, பின்னாலிருக்கும் சுவர்தான் பளிச்சென்று விழுகிறது. என்ன செய்வது?
– கல்லூரி மாணவி, கரூர்

பதில்: வண்டி ஓடியிருக்கிறது, கேமரா நின்றுவிட்டது! இரண்டும் சேர்ந்து போகட்டும். ஷட்டர் 1/30 நொடி. காலை ஊன்றி இடுப்பிலிருந்து திரும்புங்கள். கிளிக் செய்த பிறகும் திரும்பிக்கொண்டே இருங்கள். பலரும் கோட்டைவிடுவது அங்கேதான். உச்சி வெயில் வேண்டாம். ஐஎஸ்ஓ 100, எஃப்/16 வைத்தாலே அப்போது 1/100 நொடி போதும். 1/30 வைத்தால் படம் வெளுத்துவிடும். மாலையில் போங்கள். பைக் அப்புறம், முதலில் சைக்கிள். ஓட்டுபவர் முகம் தெளிவாகவும், சக்கரக் கம்பிகள் சுழன்று கரைந்தும் இருக்கிற படத்தை ஆசிரியரிடம் தைரியமாக நீட்டுங்கள்.