மூன்றாவது சிலிண்டர் சார்பில் ஒரு விண்ணப்பம்

மதிப்பிற்குரிய சர்வீஸ் மேலாளர் அவர்களுக்கு,

மிஸ்ஸிங் அடித்துக்கொண்டிருந்த என் பெட்ரோல் காரைத் தாங்கள் சரிசெய்து கொடுத்துவிட்டீர்கள். இப்போது நன்றாக ஓடுகிறது. நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். பில் பல பக்கம் வந்திருப்பதால் நன்றியும் கொஞ்சம் நீளும், பொறுத்தருளவும்.

காலையில் ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டால் ஸ்டீயரிங் நடுங்கும். மேம்பாலம் ஏறினால் பிக்கப் இல்லாமல் வெட்டி வெட்டி இழுக்கும், கூடவே இன்ஜின் விளக்கு மின்னும். போனில் இதைச் சொன்னதும் தங்கள் அட்வைசர், "லைட்டுதானே சார், ஒண்ணும் ஆகாது, சனிக்கிழமை ஓட்டிட்டு வாங்க" என்றார். அந்த நெஞ்சுறுதி எனக்கு வராது. விளக்கு விடாமல் எரிந்தால் சீக்கிரம் கொண்டுபோய்க் காட்டு என்று அர்த்தம். விட்டு விட்டு மின்னினால், எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைப் பாழாக்கிக்கொண்டிருக்கிறது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடு என்று அர்த்தம். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்று உள்ளே பூசியிருக்கும் அந்தச் சாமான் என்ன விலை என்பது அட்வைசருக்குத் தெரியாமலா இருக்கும்? தொலைநோக்கோடு சொல்லியிருக்கிறார்.

வந்ததும் ஸ்கேனர் போட்டார்கள். பி0303 என்று காட்டியது. ஐடிலில் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் ஒவ்வொரு சிலிண்டரும் 400 தடவை வெடிக்க வேண்டும். எது வெடிக்காமல் ஏமாற்றுகிறது என்பதை, கிராங்க் ஷாஃப்டின் வேகம் அந்த நொடியில் துளி குறைவதை வைத்தே கம்ப்யூட்டர் பிடித்துவிடுகிறது. பி0300 என்று வந்திருந்தால், யாரென்று சொல்ல முடியவில்லை என்று கை விரித்ததாக ஆகும். கடைசி எண் 3 என்றால் மூன்றாவது சிலிண்டர். பெயர் சொல்லியே காட்டிக்கொடுத்துவிட்டது. ஏன் என்பதை மட்டும் அது சொல்லாது. பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா, வால்வு சரியாக மூடாமல் கம்ப்ரஷன் போகிறதா என்று ஆள்தான் பார்க்க வேண்டும்.

தங்கள் பட்டறைப் பையன் பிளக்குகளைக் கழற்றித் தட்டில் வரிசையாக வைத்தபோது பக்கத்தில்தான் நின்றேன். மூன்று பிளக்குகளின் முனை இளம்பழுப்பு. மூன்றாவது சிலிண்டருடையது மட்டும் கறுத்து ஈரமாக, பெட்ரோல் வாடையோடு இருந்தது. பெட்ரோல் வந்திருக்கிறது, எரியவில்லை. இன்ஜெக்டர் தன் வேலையைச் செய்திருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனாலும் பில்லில் நான்கு இன்ஜெக்டர் கிளீனிங் இருக்கிறது. வீட்டில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எல்லாப் பிள்ளைக்கும் ஊசி போடும் பெருந்தன்மை இது.

"பெட்ரோல் சரியில்ல சார், இப்ப எல்லாம் எத்தனால்" என்று ஒரு விளக்கமும் கிடைத்தது. நான்கு சிலிண்டரும் ஒரே டேங்கிலிருந்துதான் குடிக்கின்றன. இருபது சதவீத எத்தனால் மூன்றாவதை மட்டும் தேடிப்போய்க் கெடுத்தது எப்படி என்று கேட்டேன். அட்வைசருக்கு உடனே வேறொரு போன் வந்துவிட்டது.

அவர் போன் பேசி முடித்ததும் பணிவோடு ஒன்று சொன்னேன். மூன்றாவது காயிலை ஒன்றாவதிலும், ஒன்றாவது காயிலை மூன்றாவதிலும் மாற்றிப் போடுங்கள். ஒரு காயிலுக்குப் பத்தாம் நம்பர் போல்ட் ஒன்று, ஒரு கனெக்டர், அவ்வளவுதான். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். பிறகு பி0301 வந்தால் குற்றவாளி காயில். பி0303-யே நின்றால் காயிலை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேடலாம். செலவு ஒரு பைசா இல்லை.

அதற்கு வந்த பதிலை ஃபிரேம் போட்டு தங்கள் ரிசப்ஷனில் மாட்டலாம்: "அதுக்கு சிஸ்டத்துல லேபர் கோடு இல்ல சார்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. கழற்றி மாட்ட கோடு உண்டு. கழுவ உண்டு, துடைக்க உண்டு. கண்டுபிடிக்க மட்டும் கிடையாது. கண்டுபிடிப்பவனுக்குச் சம்பளம் இல்லாத இடத்தில் எந்த மெக்கானிக் எதைக் கண்டுபிடிப்பான்? பையன்மீது எனக்குக் கோபமே இல்லை; ஈரப் பிளக்கைப் பார்த்ததும் அவன் கண் நேராகக் காயிலுக்குத்தான் போனது. அவன் வாயைத் திறப்பதற்குள் எஸ்டிமேட் பிரிண்ட் ஆகிவிட்டது.

ஆக, திராட்டில் பாடி கிளீனிங், இன்ஜெக்டர் கிளீனிங், நான்கு பிளக், கடைசியில் நான்கு காயில். மிஸ்ஸிங் போய்விட்டது. போகாமல் எங்கே போகும்? பிளக்குகளைப் பற்றிக் குறை சொல்லமாட்டேன், அவற்றுக்கும் வயதாகிவிட்டது. ஆனால் வீல் அலைன்மென்ட்டும் செய்து பில் போட்டிருக்கிறீர்கள். மூன்றாவது சிலிண்டர் இடது பக்கமாக இழுத்ததோ என்னவோ.

மறுநாள் தங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அழைத்து, "பத்துக்குப் பத்து குடுங்க சார், கம்மியா குடுத்தா எங்களுக்குப் பிரச்சினை ஆகிடும்" என்றார். கொடுத்துவிட்டேன். அந்தப் பெண் என் காயிலைத் தொடவில்லை.

தங்களிடம் கேட்பது இரண்டே. லேபர் கோடு பட்டியலில் "காயில் மாற்றிப் போட்டுப் பார்த்தல்" என்று ஒரு வரி சேர்த்து, அதற்கு நியாயமான கூலியும் வையுங்கள், மகிழ்ச்சியாகக் கொடுப்போம். அடுத்தது, கழற்றிய காயில்களில் மூன்று நல்லவை, நான் காசு கொடுத்து வாங்கிய வண்டியோடு வந்தவை. ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு ரிசப்ஷனில் வைத்துவிடுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறேன். எந்த மூன்று என்று தெரியாவிட்டால் நான்கையும் வையுங்கள்.

இப்படிக்கு,
நான்கு புதிய காயில்களின் உரிமையாளர்